யூதர்கள் கொல்லப்படும்போதும் யூதர்கள் கொல்லும்போதும்: உலகம் பிடிப்பது ஒரே தராசா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். "யூதர்கள் கொல்லப்பட்டால், கொன்றவனுக்கு என்ன குறை இருந்தது என்று உலகம் காரணம் தேடுகிறது, யூதர்கள் கொன்றால் காரணம் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறது" என்கிறார் உங்கள் நண்பர் ஒருவர். இன்னொருவர் நேர்மாறாகப் பேசுகிறார்: "மெனாகெம் பெகின் ஹோட்டலுக்குக் குண்டு வைத்த இயக்கத்தின் தலைவர். அவர் இஸ்ரேல் பிரதமரானார், நோபல் பரிசும் வாங்கினார். அதையே ஓர் அரபு செய்திருந்தால் சாகும்வரை பயங்கரவாதி என்றுதான் பெயர்." மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழியை இருவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. யூதர்கள் என்ற மக்கள் கொல்லப்படும்போது உலகம் எப்படிப் பார்க்கிறது என்பது ஒன்று. இஸ்ரேல் என்ற அரசு கொல்லும்போது எப்படிப் பார்க்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் உறுதியானது: இரட்டை அளவுகோல் இருந்தது, இன்றும் இருக்கிறது, ஆவணங்களைக் கொண்டே அதைக் காட்ட முடியும். இரண்டாவதற்கு என் பதில் அவ்வளவு எளிதானதல்ல. அங்கே இஸ்ரேலுக்கு எதிராகவும் ஓரவஞ்சனை உண்டு, இஸ்ரேலைக் காப்பாற்றும் ஓரவஞ்சனையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால்தான் இந்த வாதம் எங்கே நடந்தாலும் கைகலப்பில் முடிகிறது.

நான் சட்டக் கல்லூரியில் பன்னாட்டுச் சட்டம் நடத்தியவன். ஐ.நா. தீர்மானங்களை வரி வரியாகப் படிப்பதும், யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று பார்ப்பதும்தான் என் வேலையாக இருந்தது. எபிரேயமும் அரபியும் எனக்குத் தெரியாது. அந்த மொழிகளில் உள்ளவற்றை மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிவேன். அந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் 1980 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை மாலை, பாரிஸ். கோப்பர்னிக் தெருவில் உள்ள யூத ஜெப ஆலயத்துக்குள் ஏறத்தாழ முந்நூறு பேர் வழிபாட்டில் இருந்தார்கள். வெளியே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் பையில் இருந்த குண்டு வெடித்தது. வழிபாடு முடிந்து கூட்டம் வெளியேறும் நேரத்தில் அது வெடித்திருந்தால் தெருவே பிணக்காடாகியிருக்கும். சற்று முன்னதாக வெடித்ததால், வெளியே இருந்த நான்கு பேர் இறந்தார்கள். அன்றைக்கு பிரான்சின் பிரதமராக இருந்தவர் ரேமோன் பார். தொலைக்காட்சியில் அவர் சொன்னது இது: ஜெப ஆலயத்துக்குச் செல்லும் யூதர்களைத் தாக்க நினைத்த இந்த அருவருப்பான குண்டுவெடிப்பு, தெருவைக் கடந்துகொண்டிருந்த அப்பாவி பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கிவிட்டது.

இந்த வாக்கியத்தை மெதுவாகப் படியுங்கள். தெருவில் நடந்தவர்கள் அப்பாவிகள் என்றால், உள்ளே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவர்கள் யார்? தெருவில் நடந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றால், பாரிஸில் பிறந்து வளர்ந்து வரி கட்டி வாழ்ந்த அந்த யூதர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? இறந்த நால்வரில் ஒருவர் போர்ச்சுக்கீசியர், ஒருவர் இஸ்ரேலியப் பெண். அந்த விவரமே அவர் வாக்கியத்தைப் பொய்யாக்குகிறது. பார் வெறுப்பைக் கக்கும் மேடைப் பேச்சாளர் அல்ல, பொருளாதாரப் பேராசிரியர், நிதானமான மனிதர். அதனால்தான் இது எனக்கு முக்கியமான சான்றாகப் படுகிறது. யோசித்துத் திட்டமிட்டுச் சொன்ன சொல்லைவிட, பதற்றத்தில் தானாக வந்து விழும் சொல்லில்தான் உள்ளே உறைந்திருக்கும் எண்ணம் தெரியும். யூதன் தாக்கப்படுவதில் ஏதோ ஒரு நியாயத் தொடர்ச்சி இருக்கிறது, மற்றவன் தாக்கப்படுவதுதான் விபத்து என்பதே அந்த எண்ணம். 2007-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு வானொலி நேர்காணலில் அவர் அந்தச் சொற்களுக்காக வருந்தவில்லை. அவற்றைப் பெரிதாக்கியது யூத லாபி என்றார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வாரத்தில் பாரிஸ் தெருக்களில் மிகப் பெரிய கண்டன ஊர்வலம் நடந்தது. அரசியல் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் யூதர்களோடு சேர்ந்து நடந்தன. அதனால் 'பிரான்ஸ் இப்படி' என்றோ 'உலகம் இப்படி' என்றோ ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்வலத்தில் பெரும்பாலோர் நவநாஜிகள்தான் குண்டு வைத்தார்கள் என்று நம்பினார்கள். பிறகு விசாரணை பாலஸ்தீன இயக்கமொன்றின் பிரிவுக் குழுவை நோக்கித் திரும்பியது. 2023 ஏப்ரலில், குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜராகாமலே பாரிஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் தொடர்ந்து குற்றத்தை மறுத்துவருபவர். அவரைத் தவறாகச் சிக்கவைத்தார்கள் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

நவநாஜி என்று நம்பியபோது ஊர்வலம் நடந்தது என்றேன். உங்கள் முதல் நண்பரின் வாதத்தைத் திருத்த வேண்டிய இடம் இதுதான். உலகத்தின் அளவுகோல் மாறுவது இறந்தவர் யூதர் என்பதால் மட்டுமல்ல, கொன்றவன் யார் என்பதையும் பொறுத்து மாறுகிறது. 2018 அக்டோபர் 27-ஆம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவன் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் மனக்குறையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மதிப்புள்ள எவரும் எழுதவில்லை. எழுதவும் கூடாது. ஆனால் 2014 ஜூலையில் ஜெர்மனியின் வூப்பர்டால் நகர ஜெப ஆலயத்தின் மீது பாலஸ்தீனப் பூர்வீகம் கொண்ட மூன்று இளைஞர்கள் பெட்ரோல் குண்டுகளை வீசினார்கள். அந்த ஊரின் பழைய ஜெப ஆலயம் 1938-இல் நாஜிகளால் எரிக்கப்பட்டது. வழக்கை விசாரித்த உள்ளூர் நீதிமன்றம் 2015-இல் அவர்களைத் தீவைப்பு முயற்சிக் குற்றவாளிகள் என்றது. ஆனால் யூத வெறுப்புதான் நோக்கம் என்பதற்குச் சான்று இல்லை, காசா போரின் மீது கவனத்தை ஈர்க்கவே செய்தார்கள் என்ற விளக்கத்தை ஏற்று, தண்டனையை நிறுத்திவைத்தது.

காசாவில் குண்டு போட்டது இஸ்ரேல் விமானப்படை. எரிய இருந்தது ஜெர்மானியக் குடிமக்கள் தொழும் இடம். இரண்டுக்கும் உள்ள ஒரே தொடர்பு யூதர் என்ற சொல். அந்தத் தொடர்பை வைத்து ஒரு கட்டடத்துக்குத் தீ வைப்பதற்கு யூத வெறுப்பு என்று பெயர் இல்லையென்றால், வேறு எதற்கு அந்தப் பெயர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐ.எஸ். அமைப்பு ஈராக்கில் செய்த கொலைகளுக்காக ஐரோப்பாவில் ஒரு மசூதியை எரித்துவிட்டு, 'கவனத்தை ஈர்க்கவே எரித்தேன்' என்று ஒருவன் சொன்னால், அதை முஸ்லிம் வெறுப்பு என்று அழைக்க நாம் ஒரு நொடியும் தயங்க மாட்டோம். தயங்கவும் கூடாது. பெயர்களை மாற்றிப் பார்த்தும் தீர்ப்பு நிலையாக நிற்கிறதா என்பதுதான் இந்த விவகாரத்தில் என்னிடம் உள்ள முதல் சோதனை.

இதே சோதனையை வகுப்பில் ஐ.நா. ஆவணங்களுக்கும் செய்வதுண்டு. தீர்மானத்தின் தேதியையும் எண்ணையும் மறைத்துவிட்டு, எந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இது எழுதப்பட்டிருக்கும் என்று மாணவர்களைக் கேட்பேன். அதிகம் திகைக்க வைத்தது 1972 டிசம்பர் 18-இல் பொதுச்சபை நிறைவேற்றிய 3034-ஆம் தீர்மானம். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் 'கருப்பு செப்டம்பர்' என்ற பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் இஸ்ரேலிய வீரர்களையும் பயிற்சியாளர்களையும் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். பதினொரு இஸ்ரேலியர்களும் மேற்கு ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் பொதுச் செயலாளர் கர்ட் வால்ட்ஹைம் பயங்கரவாதத்தைப் பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொன்னார். மூன்று மாத விவாதத்துக்குப் பிறகு வந்த தீர்மானத்தின் தலைப்பிலேயே, துன்பம், ஏமாற்றம், மனக்குறை, விரக்தி ஆகியவற்றில் வேர்கொண்ட பயங்கரவாதத்தின் அடிப்படைக் காரணங்களை ஆராய வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். உள்ளே போனால், காலனிய, இனவாத, அந்நிய ஆட்சிகளின் பயங்கரச் செயல்களுக்குத்தான் வெளிப்படையான கண்டனம் இருக்கிறது. மியூனிக் என்ற சொல் எங்கும் இல்லை. மாணவர்கள் தென்னாப்பிரிக்கா, வியட்நாம், அல்ஜீரியா என்று ஊகிப்பார்கள். விளையாட்டு வீரர்களின் கொலையில் தொடங்கிய தீர்மானம் இது என்று யாருக்கும் தோன்றாது.

காலனி ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த நாடுகளுக்குத் தங்கள் விடுதலைப் போராட்டங்களையும் இதே சொல்லால் அடித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அது நியாயமான பயம். தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு மண்டேலாவைப் பயங்கரவாதி என்றுதான் சிறையில் வைத்திருந்தது. அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கவே 2008 ஆயிற்று. ஆகவே அந்த நாடுகள் யூதர்களை வெறுத்து வாக்களித்தன என்று நான் சொல்ல மாட்டேன். வாக்களித்தவர் மனத்தை ஆவணம் காட்டாது. ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான்: யூதர்கள் கொல்லப்பட்ட ஒரு நிகழ்ச்சிக்கு உலகப் பேரவை அளித்த பதிலில் கொல்லப்பட்டவர்கள் இடம்பெறவில்லை.

ஒலிம்பிக் அமைப்பும் அப்படித்தான் நடந்துகொண்டது. மறுநாள் இரங்கல் கூட்டத்தில் அதன் தலைவர் ஏவரி பிரண்டேஜ், போட்டிகள் தொடர்ந்தாக வேண்டும் என்றார். அதே உரையில், வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) அணியை விலக்கச் செய்த அரசியல் நெருக்கடியை இந்தக் கொலைகளோடு சேர்த்து, போட்டிகள் மீதான இரண்டு தாக்குதல்களாக எண்ணினார். உயிரோடு பிடிபட்ட மூன்று கொலையாளிகளும் எட்டு வாரங்கள்கூடச் சிறையில் இல்லை. அக்டோபர் 29-ஆம் தேதி ஒரு லுஃப்தான்சா விமானம் கடத்தப்பட்டதும் மேற்கு ஜெர்மனி அவர்களை விடுவித்தது, லிபியா வரவேற்றது. ஒலிம்பிக் தொடக்க விழாவில் அந்தப் பதினொரு பேருக்கு ஒரு நிமிட மௌனம் கேட்டு அவர்களுடைய குடும்பங்கள் பல பத்தாண்டுகள் நடையாய் நடந்தன. 2012 லண்டனில்கூட மறுத்துவிட்டார்கள். 2021 ஜூலையில், டோக்கியோ தொடக்க விழாவில்தான் அந்த மௌனம் கிடைத்தது. ஒரு நிமிடம் நிற்பதற்கு நாற்பத்தொன்பது ஆண்டுகள்.

மியூனிக்கைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடும் பகுதியையும் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 8-ஆம் தேதி இஸ்ரேல் விமானங்கள் சிரியாவிலும் லெபனானிலும் குண்டு வீசின. பொதுமக்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அவர்களில் யாரும் மியூனிக்குக்குப் போனவர்கள் அல்லர். செப்டம்பர் 10-ஆம் தேதி இராணுவ நடவடிக்கைகளை நிறுத்தக் கோரும் வரைவுத் தீர்மானம் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்தது. அதில் மியூனிக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைக் காரணம் காட்டி அமெரிக்கா வீட்டோ செய்தது. அமெரிக்க வரலாற்றிலேயே அது இரண்டாவது வீட்டோ, இஸ்ரேலுக்காகப் பயன்படுத்திய முதல் வீட்டோ. ஐந்து நாட்களுக்குள் நடந்த இரண்டு கொடுமைகளில் ஒன்றை வரைவை எழுதியவர்கள் மறந்தார்கள், மற்றதை வீட்டோ செய்தவர்கள் மறைத்தார்கள். அதன் பிறகு இஸ்ரேலுக்காக அமெரிக்கா பயன்படுத்திய வீட்டோக்கள் நாற்பதுக்கும் மேல். உங்கள் இரு நண்பர்களும் சொல்லும் இரண்டு ஓரவஞ்சனைகளும் அந்த ஒரே அறையில் அன்றைக்கே இருந்தன.

இனி இரண்டாவது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்லும் நிகழ்ச்சி உண்மை. 1946 ஜூலை 22-இல் ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில், பிரிட்டிஷ் நிர்வாக அலுவலகங்கள் இருந்த பகுதியை பெகின் தலைமையிலான இர்குன் என்ற யூத ஆயுத இயக்கம் தகர்த்தது. 91 பேர் இறந்தார்கள்: அரபுகள் 41, பிரிட்டிஷ்காரர்கள் 28, யூதர்கள் 17, மற்றவர்கள் 5. முன்னெச்சரிக்கையாகத் தொலைபேசியில் சொன்னோம் என்பது இர்குன் வாதம். அது உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ந்ததா என்பது இன்றும் தீராத சர்ச்சை. சேர்ந்திருந்தாலும் அது பயங்கரவாதம்தான் என்பது என் கருத்து. 1948 செப்டம்பர் 17-இல் ஐ.நா.வின் சமரசத் தூதர் ஃபோல்க்கே பெர்னடோட்டை லெஹி என்ற இன்னொரு யூத ஆயுத இயக்கத்தினர் சுட்டுக் கொன்றார்கள். புதிய இஸ்ரேல் அரசு சில நாட்களில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து லெஹியைத் தடை செய்தது. ஆனால் அந்தக் கொலைக்காக எவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. லெஹியின் தலைவர்களில் ஒருவரான இட்சாக் ஷமிர் 1983-இல் பிரதமரானார்.

ஆனால் 'யூதர் என்பதால் மன்னித்தார்கள்' என்ற முடிவு இதிலிருந்து வராது. பெகினுக்கு 1978-இல் நோபல் கிடைத்தது போலவே பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்துக்கு 1994-இல் கிடைத்தது. அவர் 1974-இலேயே ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றிவிட்டார். அல்ஜீரியாவிலும் கென்யாவிலும் நேற்று பயங்கரவாதி என்று தேடப்பட்டவர்கள் மறுநாள் அமைச்சர்களானார்கள். நாடு கிடைத்துவிட்டால் கடந்தகாலம் கழுவப்படுகிறது, கிடைக்காதவர்களுக்குப் பழி நிலைத்துவிடுகிறது. இது வெற்றிக்குத் தரும் சலுகை, இனத்துக்குத் தருவதல்ல. அராஃபத்துக்குப் பரிசு கிடைத்தும் பாலஸ்தீனர்களுக்கு நாடு கிடைக்கவில்லை என்பதால் அவர்களுக்கு அந்தச் சலுகை பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது நண்பரின் கோபத்தில் உள்ள நியாயம் அதுதான்.

அவர் இன்னும் வலுவான சான்று தேட விரும்பினால், உலகத்தின் தராசை விட்டுவிட்டு இஸ்ரேலின் சொந்தத் தராசைப் பார்க்கட்டும். 1956 அக்டோபர் 29-இல் கஃபர் காசிம் என்ற ஊரில், ஊரடங்கு அறிவித்தது தெரியாமல் வயலிலிருந்து வீடு திரும்பிய அரபுக் குடிமக்களை எல்லைக் காவல் படையினர் நிறுத்திச் சுட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பெண்களும் சிறுவர்களும் உண்டு. நீதிமன்றம் தண்டித்தது, வெளிப்படையாகச் சட்டவிரோதமான உத்தரவுக்குக் கீழ்ப்படியக் கூடாது என்ற உயர்ந்த கொள்கையையும் அந்தத் தீர்ப்பில் எழுதியது. அந்தப் பகுதியை என் வகுப்பில் எப்போதும் படிக்கச் சொல்வேன். ஆனால் தண்டிக்கப்பட்டவர்கள் எல்லோரும் 1960-க்குள் வெளியே வந்துவிட்டார்கள். ஊரடங்கை விதித்த படைத்தளபதிக்கு விதித்த அபராதம் ஒரே ஒரு குருஷ், அன்றைய சில்லறைக் காசு.

2005 ஆகஸ்டில் ஷஃபா அம்ர் ஊரில், படையிலிருந்து ஓடிப்போன ஒரு யூதச் சிப்பாய் பஸ்ஸுக்குள் சுட்டு நான்கு அரபு இஸ்ரேலியர்களைக் கொன்றான். பிரதமர் ஏரியல் ஷரோன் அவனைக் குருதிவெறி கொண்ட யூதப் பயங்கரவாதி என்று தயங்காமல் அழைத்தார். ஆனால் அன்றைய சட்டப்படி எதிரி அமைப்புகளால் கொல்லப்பட்டால்தான் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற தகுதி; யூதன் கொன்றதால் அந்தத் தகுதி இல்லை என்றது பாதுகாப்பு அமைச்சகம். எதிர்ப்பு எழுந்த பிறகு, அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். இறந்தவர் யார் என்று பார்க்காமல் கொன்றவன் யார் என்று பார்த்து உயிருக்கு மதிப்புப் போடும் அதே கோணல்தான் இங்கேயும். கோப்பர்னிக் தெருவுக்காகக் கொதிப்பவர்கள் ஷஃபா அம்ருக்காகவும் கொதிக்க வேண்டும். கொதித்த இஸ்ரேலியர்கள் இருந்தார்கள், அதனால்தான் சட்டம் மாறியது.

அரசு என்ற முறையில் இஸ்ரேல் மீது மட்டும் உலகம் தனிக் கண் வைத்திருக்கிறதா? ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலைப் பொறுத்தவரை, ஆம். 2007 முதல் அதன் நிரந்தர நிகழ்ச்சி நிரலில் ஏழாவது அம்சம் பாலஸ்தீனப் பகுதிகளின் நிலை பற்றியது. வேறு எந்த நாட்டு விவகாரத்துக்கும் அப்படித் தனி அம்சம் கிடையாது. இதன் பொருள் என்ன என்பதைத் தமிழர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரி 12-இல், காசா போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தக் கவுன்சில் சிறப்பு அமர்வு கூட்டி உண்மை அறியும் குழு அமைக்கத் தீர்மானித்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 1. அந்தப் போரில் இறந்த பாலஸ்தீனர்கள் ஏறத்தாழ 1,400 பேர். அதே ஆண்டு மே 27-இல் அதே கவுன்சில் இலங்கை பற்றிச் சிறப்பு அமர்வு கூட்டியது. வன்னியில் போர் முடிந்து பத்து நாட்கள்கூட ஆகவில்லை. பொதுச் செயலாளரின் வல்லுநர் குழு பின்னர் எழுதியதுபோல், இறந்த பொதுமக்கள் எண்ணிக்கை நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாத நிலை. கவுன்சில் செய்தது இலங்கை அரசை வரவேற்று எழுதிய ஒரு தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12. இந்தியா ஆதரித்தது. விசாரணைக் குழு எதுவும் இல்லை.

ஒரே கவுன்சில், ஒரே ஆண்டு, நான்கரை மாத இடைவெளி. இஸ்ரேல் ஆதரவாளர்கள் இந்த ஒப்பீட்டை மேற்கோள் காட்டுவதை நான் படித்திருக்கிறேன். அவர்கள் காட்டும் ஏற்றத்தாழ்வு உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்பதில்லை. முள்ளிவாய்க்காலுக்குக் குழு அமைக்காதது அநீதி. காசாவுக்குக் குழு அமைத்தது அநீதியாகிவிடாது. 'அவர்களைக் கேட்கவில்லையே' என்ற வாதம் அவர்களையும் கேள் என்பதற்கு உதவும், என்னைக் கேட்காதே என்பதற்கு உதவாது. இலங்கை மீது கவுன்சில் மெல்லத் திரும்பியது 2012-இல்தான். அப்போது தீர்மானத்தைக் கொண்டுவந்தது அமெரிக்கா, இந்தியாவும் ஆதரித்தது.

இந்தியாவின் வாக்கைப் பற்றி நம்மவர்கள் பலர் அறியாத இன்னொன்று உண்டு. 1975 நவம்பர் 10-இல் சியோனிசம் (யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கை) ஒருவகை இனவாதம் என்று பொதுச்சபை 72-க்கு 35 என்ற வாக்கில் தீர்மானித்தபோது இந்தியா ஆதரித்தது. 1991 டிசம்பர் 16-இல் அதே தீர்மானத்தை 111-க்கு 25 என்ற வாக்கில் பொதுச்சபை ரத்து செய்தபோதும் இந்தியா ஆதரித்தது. இடையில் சியோனிசம் மாறவில்லை. சோவியத் யூனியன் சரிந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே இந்தியா இஸ்ரேலுடன் முழுமையான தூதரக உறவு கொண்டது. இப்படிப்பட்ட வாக்குகளை உலகத்தின் மனசாட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யூதர்களுக்கு எதிரான மனசாட்சி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2023 அக்டோபர் 7-க்குப் பிறகு நடந்தவற்றில் எது உறுதி, எது சந்தேகம்? ஹமாசும் அதோடு சேர்ந்தவர்களும் ஒரே நாளில் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிடித்துச் சென்றார்கள். காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் இறந்தவர்கள், அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்குப்படி, 2025 நடுவில் அறுபதாயிரத்தைக் கடந்தார்கள். இவை இரண்டும் உறுதி. பெண்களுக்கான ஐ.நா. அமைப்பு அக்டோபர் 7-இல் நடந்த பாலியல் வன்முறைச் செய்திகள் பற்றித் தெளிவான கண்டனம் வெளியிட டிசம்பர் 1 வரை எடுத்துக்கொண்டது. இது என் கண்ணில் இரட்டை அளவுகோல்தான். வேறு எந்த நாட்டுப் பெண்களுக்கும் எட்டு வாரம் காத்திருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அக்டோபர் 27-இல் பொதுச்சபையில் நடந்ததை அப்படி உறுதியாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தீர்மானத்தில் ஹமாஸ் பெயரைச் சேர்த்துக் கண்டிக்க கனடா கொண்டுவந்த திருத்தத்துக்கு 88 நாடுகள் ஆதரவு, 55 எதிர்ப்பு; மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தோற்றது. இந்தியா அதை ஆதரித்தது. பாகிஸ்தான் தூதர் எழுப்பிய ஆட்சேபத்தையும் படியுங்கள்: வரைவில் இஸ்ரேலின் பெயரைச் சொல்லியும் கண்டிக்கவில்லை, பெயர் சொல்வதானால் இருவரையும் சொல்லுங்கள். அதில் தர்க்கம் இருக்கிறது. எதிர்த்து வாக்களித்த எல்லோரும் யூத வெறுப்பாளர்கள் என்பது அவசர முடிவு.

கடைசியாக, 'காரணம் தேடுவதே தவறா' என்று கேட்டிருந்தீர்கள். தவறில்லை. காரணம் வேறு, அனுமதி வேறு. 1977-இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடும் மக்களின் போரைச் சர்வதேசப் போராகவே ஏற்கிறது. அதே ஆவணத்தின் 51-ஆம் பிரிவு, பொதுமக்களிடையே பயத்தைப் பரப்பும் வன்முறையை எல்லோருக்கும் தடை செய்கிறது. உன் போராட்டம் நியாயமானதாக இருக்கலாம், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனை நீ தொடக் கூடாது. உன் தற்காப்பு நியாயமானதாக இருக்கலாம், ஒரு நகரத்தைப் பட்டினி போட உனக்கு உரிமை இல்லை. இஸ்ரேலும் இந்தியாவும் அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனால் பொதுமக்களைத் தாக்கக் கூடாது என்ற அடிப்படை விதி, சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டம். பயங்கரவாதத்துக்கு உலகம் ஏற்கும் ஒரே வரையறை வேண்டும் என்று 1996-இல் இந்தியா முன்வைத்த ஒப்பந்த வரைவு, விடுதலைப் போராட்டத்தை எங்கே வைப்பது, அரசுப் படைகளை எங்கே வைப்பது என்ற கேள்வியிலேயே இன்றும் நிற்கிறது.

இந்த ஒரே விதியை இரு தரப்பின் மீதும் ஒரே நாளில் வைத்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2024 மே 20-இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர், ஹமாஸ் தலைவர்கள் மூவருக்கும், நெதன்யாகுவுக்கும் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் கல்லந்துக்கும் பிடிவாரண்ட் கேட்டார். நவம்பர் 21-இல் நீதிபதிகள் நெதன்யாகு, கல்லந்த், ஹமாஸின் முகமது தெய்ஃப் ஆகியோருக்கு வாரண்ட் பிறப்பித்தார்கள். மற்ற இரு ஹமாஸ் தலைவர்களும் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார்கள். மே மாதமே இரு தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. எங்களை ஹமாசோடு சேர்த்து வைப்பதா என்றது இஸ்ரேல். பலியானவனையும் கொலையாளியையும் சமமாக்குவதா என்றது ஹமாஸ். புதினுக்கு அதே நீதிமன்றம் வாரண்ட் கொடுத்தபோது அது நியாயமானது என்று சொன்ன பைடன், இதை அட்டூழியம் என்றார். உங்கள் நண்பர்கள் இருவரிடமும் அந்த மே மாத விண்ணப்ப அறிவிப்பைக் கொடுத்து, தன் தரப்பின் மீதுள்ள குற்றச்சாட்டுகளை மட்டும் ஒவ்வொருவரும் உரக்கப் படிக்கும்படி கேளுங்கள்.